சூரன் பக்கம்

டயர்க்கடைக்கும் மீன் கிடங்குக்கும் நடுவில்
எங்கள் கோயிலின் கார் தரிப்பிடம்.
ஸ்காபரோவில் இன்று பின்னேரம்
அதுதான் போர்க்களம்.
மஞ்சள் கோடுகளின் மேல் உப்புத் தூவியிருக்கிறது.
சக்கர நாற்காலி வரைந்த நீலக் கட்டத்துக்குள்
வீரவாகு தேவர் வந்து நிற்கிறார்.

நான் பத்து வருடமாய்ச் சூரன் பக்கம்.
கேட்டு வருகிற பக்கமில்லை இது.
முருகனுக்குத் தோள் கொடுக்கப்
பெயர்ப் பட்டியல் உண்டு, சிபாரிசு உண்டு.
சூரனுக்கு
இரவு வேலை முடிந்து நேரே வந்தவர்கள்,
லொறி ஓட்டுகிறவர்கள்,
வேட்டிக்குள் இரண்டு காற்சட்டை போட்டவர்கள்.
முருகன் அசையாமல் வருவார், அது சுகம்.
சூரனைக் குலுக்க வேண்டும், சுழற்ற வேண்டும்,
பின்வாங்கி ஓடித் திரும்பிப் பாய வேண்டும்.
தோற்பதற்கு
அவ்வளவு வேலை இருக்கிறது.

ஊரிலிருந்து தலைகள் வந்த வருடம்
சுங்கத்தில் பெட்டியைத் திறந்த பெண்
ஆனைத்தலை, சிங்கத்தலை, மீசைத்தலை
மூன்றையும் மேசையில் வரிசையாய் வைத்து
யார் இவர்கள் என்றாளாம்.
அண்ணன் தம்பிகள் என்றாராம்
பொருளாளர் சிவகடாட்சம்.
வேறொன்றும் கேட்காமல் முத்திரை குத்தினாளாம்.

எதிரே, முருகன் தண்டில், முன் வலப்பக்கம்
என் மச்சான் குகநேசன்.
சீட்டுக்காசு. பதினோராயிரம் டொலர்.
இரண்டு வருடமாய்ப் பேச்சில்லை.
மகளின் சாமத்திய வீட்டுக்கு
ஆள் வராமல் என்வலப் வந்தது,
பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன்.
(பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்டி அனுப்பினேன்.)

வதனி இருவருக்கும் நடுவில் நிற்கிறாள்,
கயிற்றுக்கு வெளியே, கண்ணை மூடி.
ஆறு நாளாய்ப் பாலும் பழமும்.
ஆறு நாளும் பாண் தொழிற்சாலையில்
சூடு பறக்கும் பாணைத்தான் அடுக்கினாள்.

மேளம் ஏறியது.
முதல் நெருக்கத்தில் ஆனைத்தலை போயிற்று.
இரண்டாவதில் சிங்கம்.
தண்டும் தண்டும் கிட்ட வருகையில்
என் வாயின் ஆவியும் அவன் வாயின் ஆவியும்
நடுவில் ஒன்றாகிக் கலைந்தன.
கண்ணை நான் எடுக்கவில்லை.
அவனும்.

மூன்றாம் சுற்றில்
உப்புப் படாத ஓர் இடத்தில் கால் வழுக்கியது.
சூரன் இடப்பக்கம் சாய்ந்தான்.
சனம் அதையும் ஆட்டமென்று நினைத்துக் கைதட்டியது.
முருகன் தண்டை விட்டுவிட்டு
யாரும் ஓடி வரமாட்டார்கள்.
அவனும் வரவில்லை.
ஆனால் மேளத்தை வெட்டிக்கொண்டு ஒரு குரல்:
"வலக்காலை ஊண்டடா!"

ஊன்றினேன்.

பிறகு மாமரம்.
டயர்க்கடை அந்தோனியோ
தன் வளவில் வெட்டித் தந்த மேப்பிள் கொப்பில்
பொதி நாலு டொலர் மாவிலையை
நூலால் கட்டியிருந்தோம்.
அதற்குள் ஒளிந்தான் சூரன்.
வேல் தொட்டதும் மரம் இரண்டாய்ப் பிரிய
சேவல் ஒரு கையில், மயில் ஒரு கையில்
அரோகரா எழுந்து
நெடுஞ்சாலை இரைச்சலை மூடியது.
பிள்ளைகள் மாவிலைக்கு அடிபட்டார்கள்.
நான் தலைகளைப் போர்வையில் சுற்றி
ஆனைக்குப் பக்கத்தில் சிங்கமாய்
பெட்டியில் அடுக்கினேன்.
அவன் கார் போய்விட்டிருந்தது.

விடியப் பாறணை.
இலை போட்டு, சோறு போட்டு,
கை வைக்குமுன் வதனி போன் எடுத்தாள்.
"அண்ணை, சாப்பிட்டியளே?"
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு,
"அவற்ர கால் எப்பிடி?"

வீங்கேல்லை எண்டு சொல்லு, என்றேன்.

அவள் சொல்லவில்லை.
போனை அணைக்காமல்
இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்,
எனக்கும் அதற்கும் நடுவில்.
முதல் வாய்ச் சோற்றைக் குழைத்தாள்.
பசி அவளுக்கு.